பூனைக்குட்டியின் தந்தை

இஷாத் தொழுகையை நிறைவேற்றிவிட்டு வீட்டுத் திண்ணையில் சற்றே சாய்ந்திருக்கிறீர்கள். வீட்டுப் பூனை ஓசையின்றி வந்து, உங்கள் காலில் தன் விலாவை உரசிவிட்டு, மடியோரம் சுருண்டு படுக்கிறது. உங்கள் கை தன்னையறியாமல் அதன் முதுகைத் தடவுகிறது. உடனே அதன் தொண்டைக்குள்ளிருந்து குர்ர், குர்ர் என்று ஒரு மெல்லொலி கிளம்புகிறது. எங்கோ தொலைவில் கைராட்டை சுற்றுவது போன்ற ஒலி அது. காதால் கேட்பதைக் காட்டிலும் கையால் உணர்வதே அதிகம்.

இந்த ஒலியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆனால், இஸ்லாமிய உலகின் மாபெரும் அறிவுக் கருவூலமாகிய ஒரு நபித்தோழரின் பெயரோடு இந்தச் சின்னஞ்சிறு பிராணி ஒட்டிக்கொண்டிருப்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள்? ஜும்ஆ மேடையில் இமாம் அவர்கள் ஒரு நபிமொழியை எடுத்துரைத்து, இதனை அறிவிப்பவர் ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் என்று கூறும்போதெல்லாம், நம் செவியில் விழுவது பூனைக்குட்டியின் தந்தை என்னும் சொல்லேயாகும்.

அரேபியாவின் தென்மேற்கே, எமன் நாட்டை ஒட்டிய மலைப்பகுதியில் வாழ்ந்த தவ்ஸ் என்னும் குலத்தில் அவர்கள் பிறந்தார்கள். அறியாமைக் காலத்தில் அவர்களுக்கு அப்து ஷம்ஸ், அதாவது சூரியனின் அடிமை, என்று பெயர் இருந்ததாகக் கூறுவர். இஸ்லாத்தைத் தழுவிய பின் அப்துர் ரஹ்மான் என்று மாறியது. அவர்களுடைய இயற்பெயரைப் பற்றியும் தந்தையின் பெயரைப் பற்றியும் முப்பதுக்குக் குறையாத கருத்து வேறுபாடுகளை அறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பூனைக்குட்டியைப் பற்றி மட்டும் யாருக்கும் ஐயம் எழுந்ததில்லை!

அந்தப் பெயர் வந்த வரலாறு எளியது. இளமையில் அவர்கள் தம் குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்து வந்தார்கள். அவர்களிடம் ஒரு சிறு பூனைக்குட்டி இருந்தது. இரவானால் அதை ஒரு மரத்தின்மேல் வைப்பார்கள். பொழுது விடிந்ததும் இறக்கி, மேய்ச்சலுக்குப் போகும்போது கூடவே எடுத்துச் சென்று அதனோடு விளையாடுவார்கள். அதைக் கண்ட மக்கள் அபூஹுரைரா என்று அழைக்கலானார்கள். திர்மிதி என்னும் நபிமொழித் தொகுப்பில் அவர்களே இதைச் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அறிவிப்பு அவ்வளவோடு முடிகிறது. மேய்ச்சல் வெளியில், நண்பகல் நிழலில், மடியில் கிடந்த அந்தக் குட்டி எப்படிக் குறுகுறுத்திருக்கும் என்பதைப் பூனை வளர்த்தவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடு மேய்ப்பவனின் காது தனிக் காது. ஈன்ற ஆடு தன் குட்டியை முகர்ந்தவாறு, வாயைத் திறவாமலே தொண்டைக்குள் ஒரு தாழ்ந்த ஒலியை எழுப்பும். மந்தையைப் பிரிந்துவிட்டால் அதே ஆடு உரக்கக் கத்தும். இரண்டும் ஒரே தொண்டையில் பிறப்பவைதாம், பொருள் வேறு. வாயில்லாப் பிராணி என்று நாம் சொல்லிவிடுகிறோம். வாய் இருக்கிறது, கேட்பவருக்குக் காது இருக்கிறதா என்பதே கேள்வி. இறை நம்பிக்கையாளர்களுக்கு இது புதிய செய்தியுமன்று. சுலைமான் நபி (அலை) அவர்களுக்குப் பறவைகளின் மொழி கற்பிக்கப்பட்டதையும், எறும்பொன்று தன் கூட்டத்தாரை எச்சரித்ததைக் கேட்டு அவர்கள் புன்னகைத்ததையும் திருமறையின் 27-ஆவது அத்தியாயம் கூறுகிறது. எறும்பின் பெயரையே அந்த அத்தியாயம் தாங்கி நிற்கிறது.

தவ்ஸ் குலத்தின் தலைவருள் ஒருவரான துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் வழியாகவே இஸ்லாத்தின் செய்தி அந்த மலைநாட்டை எட்டியது. ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 628-இல், தவ்ஸ் குலத்தார் பலர் மதீனாவை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் முப்பது வயதை ஒட்டிய அபூஹுரைரா (ரலி) அவர்களும் இருந்தார்கள். வழியில் அவர்களுடைய அடிமை ஒருவர் பிரிந்து போய்விட்டார். பெருமானார் (ஸல்) அவர்களின் முன்னிலையில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அமர்ந்திருந்த வேளையில் அந்த அடிமை வந்து நின்றார். அதோ உம்முடைய அடிமை என்று அண்ணலார் சுட்டிக் காட்ட, அவரை அங்கேயே அல்லாஹ்வுக்காக விடுதலை செய்துவிட்டார்கள். தமக்கிருந்த உடைமை அது ஒன்றுதான் என்று சொல்லலாம். அதையும் விட்டாயிற்று.

மதீனாவில் அவர்களுக்கு வீடில்லை, தோட்டமில்லை, வாணிபமில்லை. மஸ்ஜிதுந் நபவியின் ஓரத்தில் கூரை வேய்ந்த ஒரு திண்ணை இருந்தது. ஸுஃப்பா என்று அதற்குப் பெயர். அதில் தங்கியிருந்த ஏழைத் தோழர்களுள் ஒருவரானார்கள். முஹாஜிர்கள் கடைவீதியிலும், அன்ஸாரிகள் தங்கள் தோட்டங்களிலும் ஈடுபட்டிருந்த நேரத்தில், வயிற்றுக்குக் கிடைத்ததைப் போதுமாக்கிக்கொண்டு அண்ணலாரின் நிழல்போல் இருந்துவிட்டார்கள். கிடைக்காத நாட்கள் பல. பசி தாங்காமல் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டதுண்டு. அண்ணலாரின் மிம்பருக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் இடையே மயங்கி விழுந்து கிடந்ததுண்டு. பார்த்தவர்கள் சித்தப் பிரமை என்று நினைத்தார்களாம். பிரமையுமில்லை, பிணியுமில்லை. பசி!

இப்போது நான் சொல்லப்போகும் நிகழ்ச்சியை நீங்கள் முன்பே கேட்டிருக்கக்கூடும். ஆனாலும் பூனையை மனத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.

ஒருநாள் பசி எல்லை மீறியது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் மக்கள் நடமாடும் பாதையில் வந்து அமர்ந்தார்கள். முதலில் ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் அவ்வழியே வந்தார்கள். அவர்களிடம் திருமறையின் வசனம் ஒன்றைப் பற்றிக் கேட்டார்கள். அந்த வசனம் இவர்களுக்குத் தெரியாததன்று. பேச்சைத் தொடர்ந்து தம்மை வீட்டுக்கு அழைத்துச் சென்று ஒரு கவளம் உணவளிக்க மாட்டார்களா என்பதே உள்ளத்தின் வேண்டுகோள். அவர்கள் விடை கூறிவிட்டுச் சென்றுவிட்டார்கள். அடுத்து ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் வந்தார்கள். அவர்களிடமும் அவ்வாறே கேட்டார்கள். அவர்களும் விடை கூறிச் சென்றுவிட்டார்கள். மூன்றாவதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் வந்தார்கள். இவர்களின் முகத்தைப் பார்த்தார்கள், புன்னகை பூத்தார்கள், உள்ளத்தில் இருந்ததை அறிந்துகொண்டார்கள். அபூஹிர் என்று பூனையின் பெயராலேயே அன்போடு அழைத்து, தம்மைப் பின்தொடர்ந்து வருமாறு பணித்தார்கள்.

வீட்டில் அன்பளிப்பாக வந்த பால் ஒரு பாத்திரத்தில் இருந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்து வருமாறு அண்ணலார் கூறியபோது இவர்களுக்கு உள்ளம் சோர்ந்தது. அத்தனை பேருக்கு அந்தப் பால் எம்மாத்திரம்? தமக்கு என்ன மிஞ்சும்? ஆயினும் கட்டளையை மீறாது அழைத்து வந்தார்கள். பாத்திரத்தை ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பணியும் இவர்களுக்கே வாய்த்தது. ஒவ்வொருவரும் வயிறு நிறையக் குடித்துத் திருப்பித் தந்தார்கள். கடைசியில் அண்ணலாரும் இவர்களும் மட்டுமே எஞ்சினார்கள். அமர்ந்து குடிக்குமாறு அண்ணலார் கூறினார்கள், குடித்தார்கள். இன்னும் குடிக்குமாறு கூறினார்கள்; மீண்டும் குடித்தார்கள். இனி உள்ளே செல்ல வழியில்லை என்று சத்தியம் செய்து சொல்லும்வரை விடவில்லை. அதன் பிறகே அண்ணலார் இறைவனைப் புகழ்ந்து எஞ்சியதைப் பருகினார்கள்.

பூனையை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பூனை குறுகுறுத்தால் அது மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அது பாதி உண்மையே. பிறந்து சில நாட்களே ஆன, கண் திறவாத குட்டி தாய்மடியில் பால் குடிக்கும்போது குறுகுறுக்கிறது. தாயும் பதிலுக்குக் குறுகுறுக்கிறது. ஆனால் அடிபட்ட பூனையும், நோயில் கிடக்கும் பூனையும் கூடக் குறுகுறுப்பதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள். 2009-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கேரன் மக்கோம்ப் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உணவு வேண்டி நிற்கும் பூனையின் குறுகுறுப்பைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, அந்தத் தாழ்ந்த ஒலிக்குள்ளே, மனிதக் குழந்தையின் அழுகையை ஒத்த உயர்ந்த ஒலியொன்று ஒளிந்திருக்கக் கண்டார்கள். பூனையே வளர்த்திராதவர்கள் கேட்டபோதும், சாதாரணக் குறுகுறுப்பைவிட இதில் ஏதோ ஓர் அவசரம் இருப்பதாகச் சொன்னார்கள்.

அன்பின் ஒலிக்குள் பசியின் அழுகை! அல்லாஹ்வின் வேத வசனத்தைப் பற்றிய கேள்விக்குள் ஒரு கவளத்துக்கான ஏக்கத்தை வைத்துக்கொண்டு பாதையோரம் அமர்ந்திருந்த அந்தத் தோழரை நினைத்துப் பாருங்கள். வாய்விட்டுக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. கேட்காமலிருக்க வயிறு விடவில்லை. கேள்வியைக் கேட்டவர்கள் இருவர். அதனுள்ளே இருந்ததைக் கேட்டவர்கள் ஒருவர்.

குறுகுறுப்பு எப்படி உண்டாகிறது என்று கேட்பீர்களானால், அதுவும் அல்லாஹ்வின் படைப்பு விந்தைகளுள் ஒன்றே. நாம் பேசும்போது மூச்சை வெளியிட்டே பேசுகிறோம். பூனையோ மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் இடையறாது ஒலிக்கிறது. வினாடிக்கு 25 முதல் 150 வரையிலான அதிர்வுகள். இத்தனை சிறிய உடலில் இத்தனை தாழ்ந்த ஒலி பிறப்பது விஞ்ஞானிகளுக்கே நெடுங்காலம் புதிராக இருந்தது. மூளையின் ஏவலால் குரல்வளைத் தசைகள் விரைந்து சுருங்கி விரிவதே காரணம் என்று எண்ணியிருந்தார்கள். 2023-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு வியன்னாவில் நடைபெற்ற ஆய்வு, பூனையின் குரல் மடிப்புகளுக்குள் மெத்தை போன்ற திசுத் திண்டுகள் பதிந்திருப்பதையும், காற்றைச் செலுத்திய அளவிலேயே, மூளையின் ஏவலின்றி, அந்தத் தாழ்ந்த ஒலி எழுவதையும் காட்டியது. சிங்கத்துக்குக் கர்ஜனை உண்டு. இந்த இடையறாக் குறுகுறுப்பு இல்லை. அரபியர் வேட்டைக்குப் பழக்கிய சிவிங்கிக்கோ குறுகுறுப்பு உண்டு, கர்ஜனை இல்லை.

இத்தகைய ஒலிகளைக் கூர்ந்து கேட்டவர்கள் நம் முன்னோரில் இருந்திருக்கிறார்கள். பஸ்ராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255-இல் மறைந்த ஜாஹிஸ் என்னும் அறிஞர் உயிரினங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். நள்ளிரவில் பூனைகள் ஒன்றுக்கொன்று குரல் கொடுப்பதைக் காது கொடுத்துக் கேட்டு, அவ்வொலிகளை எண்ணிப் பார்க்கும்படி அதில் வாசகரை அழைக்கிறார். நடுத்தரமான ஒரு மொழியை அமைக்கப் போதுமான எழுத்துகள் அவற்றில் உண்டு என்பது அவர் துணிபு. தூக்கத்தைக் கெடுக்கும் பூனைச் சண்டையைக் கேட்டு நாம் செருப்பைத் தேடுகிறோம். அவர் எழுத்தைத் தேடினார்!

அபூஹுரைரா (ரலி) அவர்களின் வரலாற்றுக்குத் திரும்புவோம். அண்ணலாருடன் அவர்கள் இருந்தது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே. ஆயினும் பகீ இப்னு மக்லத் என்னும் அறிஞரின் தொகுப்பில் அவர்கள் வழியாக வந்தவை, திரும்பத் திரும்ப வருபவற்றையும் சேர்த்து, 5374 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேறெந்தத் தோழருக்கும் இந்த எண்ணிக்கை இல்லை. கேட்டவை மறந்துபோவதாக அவர்கள் முறையிட்டபோது, மேலாடையை விரிக்கச் சொல்லி, பிறகு அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுமாறு அண்ணலார் பணித்ததையும், அதன் பின் மறதி அண்டவில்லை என்று அவர்கள் கூறியதையும் நீங்கள் அறிவீர்கள்.

அந்த ஆயிரக்கணக்கான மொழிகளுக்கிடையே வாயில்லாப் பிராணிகள் எத்தனை இடங்களில் வருகின்றன என்று தேடிப் பாருங்கள். தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் நீரை முகந்து, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்த மனிதனை அல்லாஹ் மன்னித்த வரலாற்றை நமக்குத் தந்தவர்கள் அவர்களே. எறும்பு ஒன்று கடித்ததற்காகப் புற்றையே எரிக்கச் செய்த முற்கால நபி ஒருவரை, துதி செய்யும் ஒரு சமுதாயத்தையே எரித்துவிட்டீரே என்று இறைவன் கண்டித்ததையும் அவர்களே அறிவிக்கிறார்கள். பசுமையான நிலத்தில் பயணம் செய்தால் ஒட்டகத்துக்கு அதன் மேய்ச்சல் பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் கட்டளையும், சேவல் கூவக் கேட்டால் இறையருளை வேண்ட வேண்டும், கழுதை கத்தக் கேட்டால் ஷைத்தானை விட்டுப் பாதுகாப்புத் தேட வேண்டும் என்னும் போதனையும் அவர்கள் வழியாக வந்தவையே.

பூனையும் வருகிறது. அடைத்து வைக்கப்பட்ட பூனை! ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்தாள். தானும் உணவளிக்கவில்லை, தரையில் திரியும் பூச்சி, எலிகளைத் தின்ன அவிழ்த்தும் விடவில்லை. அது செத்தது. அதன் பொருட்டு அவள் நரகம் புகுந்தாள். ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்களும் இதை அறிவித்திருக்கிறார்கள். ஆனால் மடியில் குட்டியைப் போட்டு வளர்த்தவர் இதை எடுத்துச் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்திருக்கும்! கட்டுண்ட அந்தப் பூனையும் கதவருகே அடிச்சத்தம் கேட்ட போதெல்லாம் குறுகுறுத்துத்தான் இருக்கும்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பெருமானார் (ஸல்) அவர்களின் அங்கியின் மீது பூனை உறங்கிவிட, அதை எழுப்ப மனமின்றி அங்கியின் கையை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பூனைக்கு ஒரு பெயரும் சூட்டியிருக்கிறார்கள். நபிமொழித் தொகுப்புகளில் அப்படியோர் அறிவிப்பு இல்லை. பின்னாளில் வாழ்ந்த இறைநேசர் அஹ்மத் ரிஃபாயீ (ரஹ்) அவர்களைப் பற்றியே இத்தகைய நிகழ்ச்சி நூல்களில் சொல்லப்படுகிறது. பூனையை நேசிக்க நமக்கு ஆதாரமற்ற கதை எதற்கு? ஹஜ்ரத் அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளூச் செய்யும் நீரைப் பூனை குடிக்க வந்தபோது, பாத்திரத்தை அதற்கு வாகாகச் சாய்த்துப் பிடித்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வரும் பிராணி என்று அண்ணலார் கூறியிருப்பதை விளக்கினார்கள். நம் வீட்டு அடுக்களையில் பூனை உரிமையோடு நுழைவது இந்தச் சலுகையின் பேரில்தான்.

அவர்களுடைய அன்னையாரைச் சொல்லாமல் விட முடியாது. மகன் இஸ்லாத்தை ஏற்ற பின்னும் அன்னையார் நெடுநாள் ஏற்கவில்லை. ஒருநாள் அண்ணலாரைப் பற்றித் தாய் தகாத சொல் சொல்லிவிட, மகன் அழுதுகொண்டே அண்ணலாரிடம் ஓடி வந்து, அவருக்கு நேர்வழி கிடைக்க துஆச் செய்யும்படி வேண்டினார்கள். அண்ணலார் துஆச் செய்தார்கள். வீடு திரும்பினால் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நீர் சலசலக்கும் ஓசை. காலடி ஓசையைக் கொண்டே மகனை அறிந்துகொண்ட தாய், அங்கேயே நிற்கச் சொன்னார். குளித்து, ஆடையணிந்து, கதவைத் திறந்து கலிமாவை மொழிந்தார். துக்கத்தால் அழுதுகொண்டு போனவர்கள், மகிழ்ச்சியால் அழுதுகொண்டு அண்ணலாரிடம் திரும்பினார்கள்.

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அவர்கள் பஹ்ரைனின் ஆளுநரானார்கள். திரும்பி வரும்போது கையில் 10,000 திர்ஹம் இருந்ததைக் கண்டு கலீபா கணக்குக் கேட்டார்கள். குதிரைகள் ஈன்று பெருகியதும், சேர்ந்து வந்த கொடைகளுமே அந்தச் செல்வம் என்று விளக்கினார்கள். விசாரணையில் குற்றம் எதுவும் காணப்படவில்லை. மீண்டும் பதவி ஏற்க அழைத்தபோது மறுத்துவிட்டார்கள். முற்காலத்தில் வயிற்றுச் சோற்றுக்காக எந்தப் பெண்மணியிடம் கூலியாளாக இருந்தார்களோ, அந்த புஸ்ரா பின்த் கஸ்வான் அம்மையாரையே பின்னாளில் மணந்தார்கள். மதீனாவின் ஆளுநராக இருந்த மர்வான் வெளியூர் செல்லும்போது இவர்களைப் பொறுப்பில் அமர்த்துவதுண்டு. அப்போதும் விறகுக் கட்டை முதுகில் சுமந்துகொண்டு கடைவீதியில் வருவார்கள். அமீருக்கு வழிவிடுங்கள் என்று தாமே வேடிக்கையாகக் குரல் கொடுப்பார்கள். இரவை மூன்று பங்காக்கி, தாமும் மனைவியும் பணியாளும் முறைவைத்து ஒருவரையொருவர் எழுப்பித் தொழுதார்கள்.

இத்தனைக்கும் பிறகு, மக்கள் தம்மை அபூஹுரைரா என்று அழைப்பதைவிட, அண்ணலார் அழைத்தபடி அபூஹிர் என்று அழைப்பதையே அவர்கள் விரும்பினார்கள் என்று கூறப்படுகிறது. அது பெண்பாற் குட்டியைக் குறிக்கும் சொல், இது ஆண்பாற் சொல் என்பது அவர்கள் கூறிய காரணம். காரணம் அது மட்டுந்தானா? பசித்துக் கிடந்த அந்த நாளில், பால் பாத்திரத்துக்கு முன் அழைத்த பெயரல்லவா அது!

ஹிஜ்ரி 59-ஆம் ஆண்டில், தம் 78-ஆம் வயதில் அவர்கள் மறைந்தார்கள். 57 என்றும் 58 என்றும் கூறுவோர் உண்டு. மரணப் படுக்கையில் அழுதார்கள். காரணம் கேட்டபோது, இந்த உலகத்துக்காக அழவில்லை, பயணம் நெடியது, கட்டுச்சோறோ சிறியது என்று கூறினார்கள். தம் மீது கூடாரம் எழுப்ப வேண்டாம், ஜனாஸாவின் பின்னே நெருப்பு எடுத்து வர வேண்டாம், விரைந்து கொண்டு செல்லுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மதீனாவின் ஆளுநர் வலீத் இப்னு உத்பா ஜனாஸாத் தொழுகை நடத்த, ஜன்னத்துல் பகீஃயில் அடக்கம் செய்தார்கள்.